ஆறடி ஓவியத்தை ஒன்றரை அடிக்குச் சுருக்கி மாட்டலாமா?

வாசகி ஒருவரின் கேள்வி: "புது வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. கூடத்தில் சோஃபாவுக்கு மேலே நீளமான சுவர் ஒன்று வெறுமையாகவே கிடக்கிறது. ஆக்னஸ் மார்ட்டின் என்பவர் வரைந்த, வெளிர் நிறத்தில் மெல்லிய கோடுகள் மட்டுமே உள்ள ஓர் ஓவியத்தின் பிரதியை ஃபிரேம் போட்டு இணையத்தில் விற்கிறார்கள். பார்த்ததும் மனசு அமைதியாகிவிட்டது. அசல் ஆறடிச் சதுரமாம், விற்கும் பிரதி 45 செ.மீ. சதுரம். கேன்வாஸில் ஒன்று, காகிதத்தில் ஒன்று என இரண்டு வகை இருக்கிறது, கண்ணாடி போட்டும் போடாமலும் தருகிறார்கள். எதை வாங்குவது? என் கணவர், 'நாலு கோடுதானே, ஸ்கேலை வைத்து நாமே போட்டுவிடலாமே' என்கிறார். தோழி ஒருத்தி, பிரதியை மாட்டுவது போலி நகை போடுவது மாதிரி என்கிறாள். இரண்டு பேருக்கும் என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை."

வணக்கம். நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: அந்த 45 செ.மீ. பிரதியை வாங்காதீர்கள். கேன்வாஸிலும் வேண்டாம், காகிதத்திலும் வேண்டாம். உங்கள் ரசனையில் ஒரு குறையும் இல்லை. சிக்கல் எல்லாம் அந்த ஓவியம் அந்த அளவுக்குச் சுருங்கி வருவதில்தான் இருக்கிறது. ஓவியங்களுக்கு ஃபிரேம் போடுவதும் கலைப் பிரதிகளை அச்செடுத்துக் கொடுப்பதும்தான் இருபது வருடத்துக்கும் மேலாக என் வேலை. வாங்கி மாட்டிய சில வாரத்தில், "என்னவோ குறைகிறது, ஃபிரேமை மாற்றிப் பார்க்கலாமா" என்று என்னிடம் திரும்பி வரும் படங்களில் பெரும்பாலானவை இந்த வகை ஓவியங்கள்தான். ஃபிரேமை மாற்றினாலும் குறை போவதில்லை, ஏனென்றால் தப்பு படத்தைத் தேர்ந்தெடுத்தபோதே நடந்துவிட்டது.

ஓர் ஆறு, கரையில் நாலு மரம், ஒரு படகு என்று ஓவியம் இருந்தால், அதைத் தபால் அட்டை அளவுக்குச் சுருக்கினாலும் மரம் மரமாகத்தான் தெரியும், மிச்சத்தைப் பார்ப்பவர் மனசு நிரப்பிக்கொள்ளும். உருவங்களை விட்டுவிட்டு மிகக் குறைந்த கோடும் நிறமும் மட்டுமே வைத்து வரையும் மினிமலிச ஓவியத்தில் நிரப்பிக்கொள்ள அப்படி எதுவும் கிடையாது. படம் எவ்வளவு பெரியது, அதன் விளிம்பு எங்கே எப்படி முடிகிறது, மேற்பரப்பில் நிறமும் கோடும் எப்படி உட்கார்ந்திருக்கின்றன, இவ்வளவுதான் அங்கே இருப்பது. அச்செடுக்கும்போது முதலில் தொலைந்துபோவதும் இவைதான். பார்க்க எளிமையாக இருப்பதால் பிரதி எடுப்பதும் எளிது என்று நினைத்துவிடுகிறோம், உண்மை நேர்மாறாக இருக்கிறது.

மார்ட்டினையே எடுத்துக்கொள்வோம். 1960களிலும், நடுவில் சில வருடம் வரைவதையே நிறுத்திவிட்டுத் திரும்பி வந்த பின்பும், ஆறடிக்கு ஆறடி என்ற அளவை அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். எண்பது வயதை ஒட்டி, அவ்வளவு பெரிய கேன்வாஸைத் தூக்கி நகர்த்த முடியாமல் போனபோதுதான் ஐந்தடிக்கு இறங்கினார். முன்னால் நிற்பவரின் உடம்பு முழுவதையும் உள்வாங்கிக்கொள்ளும் அளவு அது. நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் 'மரம்' என்ற 1964ஆம் வருட ஓவியமும் ஆறடிச் சதுரம்தான், பெயரில் மட்டும்தான் மரம், உள்ளே பென்சிலால் போட்ட கட்டங்கள். கிட்டே போய்ப் பார்த்தால் பென்சில் நெசவின் மேட்டில் ஏறி, பள்ளத்தில் தவறி, கோடு லேசாக நடுங்குவது தெரியும். சில அடி பின்னால் வந்தால் கோடுகள் கரைந்து பனிமூட்டம் போல ஆகிவிடும், இன்னும் பின்னால் போனால் எல்லாம் சேர்ந்து ஒரே பரப்பாக, ஒரு சுவர் மாதிரி நிற்கும். நடந்து நடந்து பார்க்கவேண்டிய படம் அது.

இப்போது அதை நாலில் ஒரு பங்கு அகலத்துக்குச் சுருக்குங்கள். அரை மில்லிமீட்டர் கோடு 0.12 மி.மீ. ஆகிவிடும். நல்ல அச்சு என்று எல்லோரும் சொல்லும் அங்குலத்துக்கு 300 புள்ளிக் கணக்கில், ஒரு புள்ளியின் அகலமே கிட்டத்தட்ட 0.085 மி.மீ. அதாவது ஒரு முழுக் கோட்டுக்குக் கிடைப்பது ஒன்றரைப் புள்ளி. ஒன்றரைப் புள்ளியில் நடுக்கத்தை எப்படிக் காட்டுவது? கோடு சில இடத்தில் தடிக்கும், சில இடத்தில் அறுந்துபோகும், போதாததற்கு அசலில் இல்லவே இல்லாத அலை அலையான ஒரு வடிவம் மேலே மிதக்கும். இந்தப் படங்களைக் கைபேசியில் பெரிதாக்கிச் சிறிதாக்கிப் பார்க்கும்போது அந்த அலை வந்து வந்து போவதை நீங்களே கவனித்திருக்கலாம்.

அடுத்தது விளிம்பு. டச்சு ஓவியர் மொண்ட்ரியான் 1920களின் தொடக்கத்தில் வரைந்த சில ஓவியங்களில் கறுப்புக் கோடுகள் கேன்வாஸின் ஓரத்தைத் தொடாமல் கொஞ்சம் முன்பே நின்றுவிடும். அந்தச் சின்ன இடைவெளிக்காக அவர் எவ்வளவு யோசித்திருப்பார்! பிரதி விற்பவர்கள் கையில் இருக்கும் ஃபிரேம் அளவுக்குப் பொருந்தட்டும் என்று நாலு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் வெட்டினால் போதும், கோடு ஓரம் வரை ஓடுகிற வேறொரு படம் கையில் கிடைக்கும். ஃபிரேமைப் பற்றியும் அவருக்குத் தீர்மானமான கருத்து இருந்தது. ஃபிரேம் ஓவியத்தைச் சுற்றிச் சிறை வைக்கக் கூடாது என்று, மெல்லிய மரப்பட்டிகளை ஓவியப் பரப்புக்குப் பின்னால் தள்ளிப் பொருத்தி, ஓவியம் முன்னால் வந்து நிற்கும்படி செய்தார். அவருடைய படத்தைத் தடித்த தங்க நிற ஃபிரேமுக்குள் வைத்து விற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

மேற்பரப்பைப் பற்றி நிறையச் சொல்லலாம். ஓவியர் மாலேவிச்சின் 'கறுப்புச் சதுரம்' 1915இல் வரையப்பட்டது, ஏறத்தாழ 80 செ.மீ. சதுரம். இணையத்தில் கிடைக்கும் அதன் பிரதிகளில் பலவற்றை யாரும் அசலைப் படம்பிடித்து அச்செடுக்கவில்லை, கணினியில் ஒரு கறுப்புக் கட்டத்தைப் போட்டு அதையே அச்சடித்து விற்கிறார்கள். ஆனால் அசல் முழுக்க வெடிப்புகள், வெடிப்புக்குள் அடியில் இருக்கும் வேறு நிறங்கள் எட்டிப் பார்க்கின்றன, சதுரத்தின் பக்கங்களும் நூல் பிடித்ததுபோல நேராக இல்லை. வெடிப்பு தெரியாத 'கறுப்புச் சதுரம்' உங்கள் கண்ணில் பட்டால், அது அந்த ஓவியத்தின் பிரதியே கிடையாது.

இன்னொரு பக்கம் பிரெஞ்சு ஓவியர் இவ் கிளைன். அல்ட்ராமரைன் நீலத் தூளை அதன் தூள் தன்மை கெடாத ஒரு பிசினில் கலந்து ஒரு நீலத்தை உருவாக்கி, 1960இல் அந்த முறையைப் பிரான்ஸில் பதிவும் செய்தார். அந்த நீலம் வழக்கமான நான்கு வண்ண அச்சின் எல்லைக்குள் வரவே வராது, அச்சில் கொஞ்சம் ஊதாவாகவோ மங்கலாகவோதான் விழும். அதற்கு மேல் ஒரு பளபளக்கும் கண்ணாடியையும் போட்டால், வெல்வெட் மாதிரி இருக்கவேண்டிய பரப்பில் உங்கள் முகம்தான் தெரியும். கிளைனின் நீலத்தைப் பிரதியில் தேடாதீர்கள் என்பதுதான் என் முடிவு.

சரி, எதைத்தான் வாங்குவது? இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதில் எனக்கு மிகவும் உதவியது இதுதான்: முதலிலேயே தாளில் செய்யப்பட்ட படைப்பைத் தேர்ந்தெடுங்கள், அதுவும் அசல் அளவிலேயே அச்சிடக்கூடிய ஒன்றை. தாளில் போட்ட பென்சில் கோட்டையும் மையையும் நல்ல தாளில் அச்சிடும்போது மிகக் குறைவாகவே இழக்கிறோம். மார்ட்டின் 1960களில் சிறு தாள்களில் மையாலும் பென்சிலாலும் கட்டங்கள் வரைந்திருக்கிறார், பல ஓரடிச் சதுரம்கூட வராது. 1973இல் முப்பது படங்கள் கொண்ட ஒரு திரை அச்சுத் தொகுப்பையும் (துணித் திரை வழியாக மையைத் தள்ளி அடிக்கும் அச்சு) வெளியிட்டார். நீங்கள் தேடும் அதே அமைதி அவற்றில் இருக்கிறது, சுருக்கவும் வேண்டியதில்லை. இந்திய ஓவியர் நஸ்ரீன் முகமதியையும் பாருங்கள். 1990இல் காலமான அவர் தாளில் மையும் பென்சிலும் கொண்டு இழுத்த கோடுகளின் துல்லியத்தை விவரிக்க எனக்கு வார்த்தை போதாது, கோடு வாங்கும் மூச்சுகூடத் தெரியும். எண்ணெய் ஓவியம்தான் வேண்டுமென்றால் சிறியதாகப் பார்த்து எடுங்கள். சிவப்பும் நீலமும் மஞ்சளும் கொண்ட மொண்ட்ரியானின் புகழ்பெற்ற 1930ஆம் வருட ஓவியம் சுமார் 45 செ.மீ. சதுரம்தான், நீங்கள் பார்த்த அதே ஃபிரேமில் அசல் அளவிலேயே உட்காரும். உங்கள் கூடத்தின் அமைதிக்கு அது கொஞ்சம் சத்தமாக இருக்கலாம், அது வேறு விஷயம்.

கேன்வாஸா காகிதமா என்பதற்கு இப்போது பதில் சுலபம். காகிதம். கேன்வாஸ் அச்சு ஓவியம் மாதிரியே தெரியும் என்பார்கள், ஆனால் அதில் இருப்பது இரண்டு நெசவுகள்: படம்பிடித்தபோது பதிவான அசலின் நெசவு, அதற்கு அடியில் அச்சடித்த கேன்வாஸின் நெசவு. நிறைய உருவங்கள் உள்ள படத்தில் இது கண்ணுக்குத் தெரியாது. வெறும் வெளிர்ப் பரப்பில் இரண்டும் மோதிக்கொண்டு கண்ணை உறுத்தும். அது போக, கேன்வாஸைக் கட்டையில் இழுத்து மடிக்கும்போது ஓரத்தில் சில சென்டிமீட்டர் படம் பக்கவாட்டுக்குப் போய்விடும், விளிம்பே உயிராக இருக்கும் ஓவியத்தில் அது பெரிய நஷ்டம். கையால் வரைந்த எண்ணெய்ப் பிரதி என்று சிலர் தருவதில் பரப்பு உயிரோடு இருக்கலாம், ஆனால் அது வரைந்தவரின் கை. மார்ட்டினுடைய கோட்டை இன்னொருவர் கையால் பார்ப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

அச்சைப் பற்றிக் கேட்கவேண்டியவை சில உண்டு. 'ஜிக்லே' என்று போட்டிருந்தால் அதிலேயே மயங்கிவிடாதீர்கள். ஜாக் டுகான் என்ற அச்சுக் கலைஞர் 1991இல் மைத் தெளிப்பு அச்சுக்கு வைத்த பெயர் அது. அதைப் பயன்படுத்த எந்தத் தரக் கட்டுப்பாடும் கிடையாது, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அதற்குப் பதிலாக, மை பிக்மென்ட் வகையா டை வகையா என்று கேளுங்கள். டை மை தண்ணீரில் சர்க்கரை கரைவது போலக் கரைந்திருக்கும் சாயம், வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். பிக்மென்ட் மையில் நிறம் நுண்ணிய துகளாகவே இருப்பதால் பல மடங்கு காலம் தாங்கும். தாள் பருத்தி நாரில் செய்ததா, அமிலமற்றதா, எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) என்று கேளுங்கள், 300 ஒட்டி இருந்தால் கையில் எடுக்கும்போதே அந்தக் கனம் தெரியும்.

முக்கியமான இன்னொன்று, தாளை வெள்ளையாகக் காட்ட ஒளியூட்டும் ரசாயனம் சேர்த்திருக்கிறார்களா என்பது. சில வருடத்தில் அந்த ரசாயனத்தின் வேலை தீர்ந்ததும் தாள் மஞ்சளடிக்கும். நோட்டுச் சோதிக்கும் புற ஊதா டார்ச் ஒன்று கிடைத்தால் இருட்டில் தாள் மேல் அடித்துப் பாருங்கள், நீலமாகப் பளீரென்று ஒளிர்ந்தால் ரசாயனம் இருக்கிறது என்று அர்த்தம். மற்ற படங்களுக்கு இவ்வளவு பார்க்க வேண்டாம், ஆனால் பாதிக்கு மேல் வெறும் தாளே தெரியும் படத்துக்கு அந்தத் தாளின் வெள்ளைதான் படம். ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியும் கையில் இருக்கட்டும். ஆஃப்செட்டில் அடித்த போஸ்டராக இருந்தால் வண்ணப் புள்ளிகள் பூக்கோலம் போல வட்ட வட்டமாக நிற்பது தெரியும், நல்ல மைத் தெளிப்பு அச்சில் அப்படி ஓர் ஒழுங்கு தெரியாது.

வெள்ளை என்றதும் மாலேவிச்சின் 1918ஆம் வருட ஓவியம் நினைவுக்கு வருகிறது, வெள்ளைக்கு மேல் வெள்ளை. சாய்ந்து நிற்கும் ஒரு வெள்ளைச் சதுரம், அதைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பான இன்னொரு வெள்ளையின் மேல். அதுவும் 80 செ.மீ.க்குச் சற்றுக் குறைவுதான் என்பதால் அசல் அளவில் அச்செடுக்கலாம், ஆனால் அந்த இரண்டு வெள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடிக்க நான் ஒருமுறை ஒன்பது மாதிரி அச்சு எடுத்துப் பார்க்கவேண்டி வந்தது. ஒன்றில் சதுரம் சாம்பலாகிவிடும், இன்னொன்றில் காணாமலே போகும். இதனால்தான் திரையில் பார்த்த நிறத்தை நம்பி வாங்காதீர்கள் என்று சொல்கிறேன். திரை ஒளியை உமிழ்கிறது, தாள் உங்கள் அறையின் ஒளியைத்தான் திருப்பித் தருகிறது. முழு அளவில் அச்சடிக்கும் முன், ஒரு உள்ளங்கை அகலத் துண்டு மாதிரி தரமுடியுமா என்று கேளுங்கள், அதை மாட்டப்போகும் சுவரிலேயே வைத்துப் பகலில் ஒருமுறையும் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறையும் பாருங்கள். மாதிரி தரமாட்டோம் என்று சொல்பவரிடம் வெளிர் நிறப் படம் வாங்கவே வேண்டாம்.

ஃபிரேமுக்கு வருவோம். படத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் ஜன்னல் மாதிரி வெட்டி வைக்கும் அட்டையை நாங்கள் மவுண்ட் என்போம். அதில் எல்லோரும் செய்யும் தவறு பளீர் வெள்ளையைத் தேர்ந்தெடுப்பது. தந்த நிறமோ வெளிர் சாம்பலோ உள்ள படத்தைச் சுற்றிப் பளீர் வெள்ளை வந்தால், படம் அழுக்காகிவிட்டது போலத் தெரியும். படத்தின் தாளைவிட மவுண்ட் வெளுப்பாக இருக்கவே கூடாது. இரண்டாவது, வழக்கமாக ஜன்னலைப் படத்தைவிடச் சில மில்லிமீட்டர் சிறியதாக வெட்டுவார்கள், ஓரம் மறைந்து சுத்தமாகத் தெரியட்டும் என்று. உங்கள் படத்துக்கு அது கூடாது. சுற்றிலும் வெற்று இடம் விட்டு அச்சடிக்கச் சொல்லி, ஜன்னலைப் பெரியதாக வெட்டி, படத்தின் விளிம்பு முழுசாகத் தெரியும்படி வைக்கச் சொல்லுங்கள். மவுண்டைத் தாராளமாக அகலமாக விடுங்கள், சிறிய தாளுக்கு அந்த வெற்றிடம்தான் மூச்சு விடும் இடம்.

ஃபிரேம் மரத்திலேயே இருக்கட்டும். முன்முகம் ஒரு சென்டிமீட்டரிலிருந்து இரண்டுக்குள், நிறம் மரத்தின் சொந்த நிறமோ வெள்ளையோ. மரத்தூள் பலகையின் மேல் மரம் போன்ற தாள் ஒட்டிய ஃபிரேமும் உண்டு, அதன் மூலைகளை நன்றாக உற்றுப் பாருங்கள். நாற்பத்தைந்து பாகையில் வெட்டிச் சேர்த்த இடத்தில் தலைமுடி அளவு இடைவெளி இருந்தாலும், உள்ளே பார்க்க வேறு எதுவும் இல்லாததால் கண் நேராக அங்கேதான் போகும்.

கண்ணாடி வேண்டும், தாளில் அச்சடித்த படத்தைத் திறந்து வைக்க முடியாது. சாதாரணக் கண்ணாடி தன் மேல் விழும் ஒளியில் சுமார் 8 சதவீதத்தைத் திருப்பி அடிக்கும், கொஞ்சம் பச்சையும் பூசும். எதிரொளி தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடி ஒரு சதவீதத்துக்கும் கீழேதான் திருப்பும், கண்ணாடி இருப்பதே மறந்துபோகும். விலை அதிகம்தான், ஆனால் ஃபிரேமில் மிச்சம் பிடித்தாவது இதில் செலவழிக்கச் சொல்வேன். வெளிர் படத்தில் ஜன்னலும் மின்விசிறியும் பிரதிபலித்துக்கொண்டிருந்தால் கோடுகளைப் பார்க்கவே முடியாது. சொரசொரப்பாக்கி மங்கலடித்த கண்ணாடி என்று ஒன்று தருவார்கள், அது வேண்டாம், மவுண்டின் தடிமன் அளவுக்குப் படத்திலிருந்து விலகி நிற்கும்போதே மெல்லிய கோடுகளைக் கலங்கலாக்கிவிடும். எடை பற்றிக் கவலை இருந்தால் புற ஊதா தடுக்கும் அக்ரிலிக் போடலாம், கண்ணாடியின் எடையில் பாதிதான், உடையும் பயமும் குறைவு, சீக்கிரம் கீறல் விழும் என்பதால் மென்மையான துணியால் மட்டும் துடைக்கவேண்டும். எதைப் போட்டாலும் படம் கண்ணாடியைத் தொடக் கூடாது, தொட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் படத்தின் ஆயுள் அங்கேதான் இருக்கிறது. மலிவு அட்டையிலும் மரத்தூள் பலகையிலும் இருக்கும் அமிலம் மெதுவாகத் தாளுக்கு நகரும். சில வருடம் கழித்துத் திறந்தால், மவுண்ட் தொட்ட இடமெல்லாம் பழுப்புக் கோடாகப் பதிந்திருக்கும், அதைத் துடைத்து எடுக்க முடியாது. மவுண்டும் பின் அட்டையும் இரண்டுமே அமிலமற்றவை என்று எழுதி வாங்குங்கள். தாளை முழுக்க ஒட்டிவிடாமல், மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில் மெல்லிய தாள் பட்டையால் தொங்கவிடச் சொல்லுங்கள். ஈரம் கூடும்போது விரிந்து, குறையும்போது சுருங்கத் தாளுக்கு இடம் வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவர் கொண்டுவந்த படத்தைச் சாதாரண போஸ்டர் என்று நினைத்து, அலையில்லாமல் தட்டையாக இருக்கட்டும் என்று சூட்டு அழுத்தத்தில் பலகையோடு ஒட்டிவிட்டேன். ஒட்டிய பிறகுதான் கீழ் ஓரத்தில் பென்சிலால் எழுதிய எண்ணையும் கையெழுத்தையும் கவனித்தேன். எண்ணிக்கை குறித்து வெளியிட்ட அசல் திரை அச்சு அது, பலகையிலிருந்து பிரிக்கவே முடியவில்லை. பணத்தைக் கொடுத்தேன், மன்னிப்பும் கேட்டேன், படம் போனது போனதுதான். அன்றிலிருந்து, இரண்டு கண்ணாலும் ஓரத்தைப் படிக்காமல் எந்தத் தாளையும் தொடுவதில்லை.

எண் என்றதும் ஒன்று. பிரதிகளோடு 'வரையறுக்கப்பட்ட பதிப்பு', 'நம்பகச் சான்றிதழ்' என்று சேர்த்துக் கொடுத்து விலை ஏற்றுவார்கள். கலைஞர் தானே மேற்பார்த்து அச்சிட்டுக் கையெழுத்துப் போட்ட திரை அச்சோ பொறிப்பு அச்சோ அசல் படைப்பு, அதற்கு எண்ணுக்கு அர்த்தம் உண்டு. காலமான ஒருவரின் ஓவியத்தைப் படம்பிடித்து அடித்த பிரதிக்கு எண் போட்டால் அது விற்பனைக்கான எண் மட்டுமே. நாளைக்கு விலை ஏறும் என்ற எண்ணத்தில் பிரதியை வாங்காதீர்கள், தினமும் பார்ப்பதற்காக வாங்குங்கள்.

உரிமை விஷயத்தையும் பார்த்துவிடுங்கள். பல நாடுகளில் கலைஞர் இறந்து எழுபது ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு, சில நாடுகளில் அறுபது. மாலேவிச் 1935இலும், மொண்ட்ரியானும் ஸ்வீடன் ஓவியர் ஹில்மா ஆஃப் கிளின்டும் 1944இலும் இறந்தவர்கள், அந்த நாடுகளில் அவர்கள் படைப்புகளை யாரும் அச்சிடலாம். மார்ட்டின் 2004இல்தான் காலமானார், அவருடைய படைப்புகளுக்கு உரிமைதாரர்கள் இருக்கிறார்கள். முறையாக உரிமம் வாங்கிய பிரதியில் ஓரத்திலோ பின்னாலோ உரிமைக் குறிப்பு இருக்கும். அது இல்லையென்றால் விற்பவரிடம் கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். அருங்காட்சியகங்கள் தாங்களே விற்கும் அச்சுகள் இந்த விஷயத்தில் நிம்மதி, நிறமும் பெரும்பாலும் அசலோடு ஒப்பிட்டுச் சரிசெய்ததாக இருக்கும்.

மாட்டும் இடம். சோஃபாவுக்கு மேலே என்றால் படமோ படங்களின் வரிசையோ சோஃபா அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் கண்ணுக்குப் பொருந்தும். நீளமான சுவரில் ஒற்றை 45 செ.மீ. சதுரம் ஒட்டிய தபால்தலை மாதிரி தனியாக நிற்கும். ஓரடித் தாளில் மூன்றை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அகலமான மவுண்ட் விட்டு, ஒரே வரிசையில் மாட்டுங்கள். தரையிலிருந்து படத்தின் நடுப்பகுதி 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருப்பது பொதுவான கணக்கு, சோஃபாவின் முதுகுக்கும் ஃபிரேமின் அடிக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டால் போதும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இரண்டு கொக்கி. ஒற்றைக் கொக்கியில் தொங்கும் படம் தினமும் கொஞ்சம் சாயும், நேர்கோடுகளே உள்ள படம் ஒரு பாகை சாய்ந்தாலும் தாங்காது. கீழ் மூலைகளில் சின்ன ரப்பர் பொத்தான் ஒட்டிவிட்டால் சுவருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே காற்று ஓடும், சுவரின் ஈரம் தாளுக்கு ஏறாது.

வெயில் நேராக விழும் சுவர் என்றால் இடத்தை மாற்றுங்கள், புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டிருந்தாலும் சரி. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நிறத்தை வெளுக்கும், ஒருமுறை வெளுத்தது திரும்பாது. அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு வரைந்த ஐந்து பெரிய ஓவியங்கள் 1964இல் ஜன்னல் வெளிச்சம் நிறைந்த ஓர் உணவுக்கூடத்தில் மாட்டப்பட்டன. அவர் பயன்படுத்திய ஒரு சிவப்பு ஒளியைத் தாங்காத வகை, பதினைந்து வருடத்தில் வெளுத்துப்போய் 1979இல் கழற்றி உள்ளே வைக்கவேண்டி வந்தது. 2014இல் அவற்றை மறுபடி காட்சிக்கு வைத்தபோது, ஓவியத்தைத் தொடாமல், போன நிறத்தை ஒளிக்கற்றையாக மேலே பாய்ச்சித்தான் பழைய தோற்றத்தைக் காட்டினார்கள். உங்கள் அறை விளக்கை வாங்கும்போது நிறம் காட்டும் குறியீடு (CRI) 90க்கு மேல் இருக்கிறதா என்று பெட்டியில் பாருங்கள், வெளிர் நிறங்களுக்கிடையே உள்ள வேறுபாடு அப்போதுதான் தெரியும்.

இனி உங்கள் கணவர் கேட்டது. அவர் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து உண்மையிலேயே போட்டுப் பாருங்கள். நல்ல தடித்த தாள், கூரான பென்சில், ஸ்கேல். ஓரடிச் சதுரத்துக்குள் ஒரே அழுத்தத்தில் நூறு இணைகோடுகள். இருபதாவது கோட்டில் கை வியர்க்கும், பென்சில் மழுங்கி நிறம் மாறும், நாற்பதாவதில் இடைவெளி சறுக்கும். எனக்கு அப்படித்தான் ஆனது. ஆனால் அதற்குப் பிறகு இந்த ஓவியங்களைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது, ஒவ்வொரு கோட்டிலும் ஒரு கையின் கவனம் எவ்வளவு நேரம் நின்றிருக்கிறது என்று உடம்புக்கே தெரிய ஆரம்பித்தது. நீங்கள் இருவரும் போட்டது நன்றாக வந்தால், அதற்கும் அதே மவுண்ட், அதே ஃபிரேம் போட்டு வரிசையில் நான்காவதாக மாட்டுங்கள்.

உங்கள் தோழிக்கும் பதில் இருக்கிறது. போலி நகை தன்னை அசல் என்று காட்டிக்கொள்கிறது. நல்ல பிரதி அப்படி எதுவும் சொல்வதில்லை, தாளில் இருக்கும் ஓர் அச்சாக, என்ன அளவோ அந்த அளவில், யாருடைய படைப்போ அவர் பெயரோடு சுவரில் இருக்கிறது. கச்சேரியை நேரில் கேட்டவர்கள் வீட்டில் பதிவையும் கேட்கத்தான் செய்கிறார்கள். அசலைப் போலக் காட்ட வேண்டும் என்று கேன்வாஸில் அடித்து, மேலே தூரிகைத் தடம் போலப் பசை தடவி விற்கிறார்களே, அவற்றைப் பற்றி உங்கள் தோழி சொன்னால் நான் ஒத்துக்கொள்வேன்.

வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பழைய செய்தித்தாளை ஃபிரேமின் வெளி அளவுக்கு மூன்று சதுரமாக வெட்டி, சுவரில் ஒட்டும் நாடாவால் ஒட்டி ஒரு வாரம் விட்டு வையுங்கள். வாசலிலிருந்து வரும்போது எப்படித் தெரிகிறது, சோஃபாவில் உட்கார்ந்தவர் தலை இடிக்கிறதா, மாலை வெயில் எதுவரை ஏறுகிறது என்று அந்த வாரத்தில் தெரிந்துவிடும். சுவரின் நீளம், சோஃபாவின் அகலம், ஜன்னல் எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள், மவுண்டை எத்தனை சென்டிமீட்டர் விடலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.